நாடாவில் வெட்டப்பட்ட மூன்று தட்டு

1964-ஆம் ஆண்டு, மாசி மாதம். வேலூரில் கல்லூரியில் பி.ஏ. மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் என் அண்ணன்தான் படிக்க வைத்தார். கல்லூரியில் இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மெட்ராஸ் ஓவியர் ஒருவர் ஊரில் புதுமாதிரிக் கண்காட்சி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். சுவரில் ஒரு சித்திரம்கூட இல்லை. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, கூடத்தின் நடுவில் பதனிட்ட ஆட்டுத்தோல்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். அவற்றின் மேல் அவரே எடுத்த படம் ஓடியது. டேப் ரிக்கார்டரில் பதிந்து வந்த டேனரிச் சத்தங்கள் நான்கு மூலையிலிருந்தும் வந்தன. எனக்கோ வீட்டு வாசனையே அடித்தது. இருந்தாலும், இதையெல்லாம் புதிதாகப் பார்ப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

தோலின் மேல் ஓர் ஆள் தெரிந்தான். தோல் உருட்டும் பெரிய மர டிரம்முக்குள் குனிந்து நுழைந்தான். அடுத்த கணம் பெல்ட் படபடக்க, டிரம் சுழலும் சத்தம் எழுந்தது.

“டேய் நிறுத்துங்கடா! உள்ள ஆளு கீறான்!”

இருட்டில் ஒருவர் கத்திக்கொண்டே பாய்ந்தார். தோல்கள் சரிந்தன. விளக்கைப் போட்டார்கள். கையில் பிடுங்கிய மின்சார ஒயரோடு என் அண்ணன் நின்றிருந்தார். எனக்குக் கடலை உருண்டை கொடுக்க வந்தவர், விடுதியில் விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்.

கூடமே சிரித்தது. “இன்னாடா, சினிமால ரயில் வந்தா எழுந்து ஓடுற கேஸு போலக்குது!” என்றான் ஒரு நண்பன். இன்னொருவன் என் பக்கம் திரும்பி, “உங்க ஊரு ஆளாடா?” என்றான்.

“தெரியலை” என்றேன்.

அண்ணன் மூன்றடி தூரத்தில்தான் இருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு யாரோ ஒருவனைப் பார்த்தது போலக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

ஓவியர் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னா ஆச்சுங்க?” என்று பக்கத்தில் வந்து கேட்டார்.

“மன்னிச்சுக்கங்க ஸார். டிரம்மு மேல மூணு தபா தட்டணும். உள்ள ஆளு இருந்தா அவனும் தட்டுவான். அப்பறந்தான் பெல்ட்டு மாட்டணும். தட்டாமயே ஓட்டிட்டீங்களேன்னு பதறிட்டேன்.”

ஓவியரின் முகம் மாறிவிட்டது. “தட்டினாங்க. நாந்தான் இடைஞ்சலா இருக்குதுன்னு டேப்புல அந்தத் துண்ட வெட்டிட்டேன்.”

“நான் உள்ள இருக்கறப்பவும் ஒருத்தன் தட்டாம ஓட்டிட்டான் ஸார், நாலு வருசம் முன்னாடி” என்று, மடங்காத இடது கையைத் தூக்கிக் காட்டினார் அண்ணன். “அதான் தாங்கல.”

நான்கு வருடத்துக்கு முன்னால் என் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கையில் கட்டோடு வந்தவர், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஓரம் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். “இது கெடக்குது, நீ போய்ப் படி” என்றார். உண்மை தெரிந்தால் நானும் படிப்பை விட்டு வேலைக்கு வந்துவிடுவேன் என்று பயந்திருக்கிறார். அந்த டிரம்முக்குள் அவர் புரண்டதை, அத்தனை அந்நியர்களோடு சேர்ந்து நானும் அன்றைக்குத்தான் கேட்டேன்.

கால்கள் தாமாக நடந்தன. அவர் கையிலிருந்த ஒயரை வாங்கி வைத்தேன். “இவர் எங்க அண்ணன்” என்றேன். நண்பர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

“ஆமா ஸார், என் தம்பி, காலேஜ் படிக்குது” என்றார் அண்ணன், கடலை உருண்டைப் பொட்டலத்தை என் கையில் திணித்தபடி.

ஓவியர் ஒரு தகர டப்பாவைக் கொட்டி, வெட்டிப் போட்ட நாடாத் துண்டுகளில் தேடி எடுத்து ஒட்டினார். படம் மறுபடி ஓடியது. டக், டக், டக். பதில் தட்டு இல்லை; அப்படியென்றால் உள்ளே போனவன் வெளியே வந்துவிட்டான். அதன் பிறகே டிரம் சுழன்றது. இருட்டில் அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நான் “தெரியலை” என்றது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை கேட்கத் துணிவில்லை. விழுந்திருந்தாலும், கை அடிபட்ட கதையை மறைத்த மாதிரியே இதையும் என்னிடமிருந்து மறைத்துத்தான் வைத்திருப்பார்.