இருபத்தொரு நாள் தண்ணீர்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்னலூரிலிருந்து ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் பதினொரு கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர். அதில் ஒன்று களிமண் பூமியில், நிற்கவே நிற்காது என்று மூன்று இன்ஜினியர்கள் கைவிரித்த இடத்தில், இன்றைக்கும் ஒரு வெடிப்பில்லாமல் நிற்கிறது. இரண்டு கல்யாண மண்டபம். ஒரு மாதா கோயிலுக்கு மணிக்கூண்டு. அதற்குக் கட்டிய சாரம் காற்றில் இரண்டு முறை சரிந்தது, மூன்றாம் முறை நானே ஏறிக் கட்டினேன், சரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான்கு வகுப்பறை, மூன்றாம் வகுப்போடு என்னை அனுப்பிவிட்ட அதே பள்ளிக்கூடம். மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு மெஷின் நிறுத்தும் மேடை. மட்டம் பார்க்க அதன்மேல் ஒரு கோலிக்குண்டை வைத்தார்கள், குண்டு வைத்த இடத்திலேயே நின்றது. அப்புறம் என் வீடு, என் தம்பிகள் இருவரின் வீடு. இவ்வளவும் வரைபடத்தில் இருக்கிற இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல், கோடுகளை மட்டும் பார்த்துக் கட்டியவை. படித்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும்.

ஆனால் கட்டியதிலேயே எனக்குப் பிடித்தது ஒன்றுதான். 1991-ல் மண்ணூர்ப் பக்கம், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குக் கட்டிய தண்ணீர் டேங்க். ஆறு தூண், அறுபது அடி உயரம். அதற்கு முன்னால் அத்தனை உயரத்தில் நான் எதையும் கட்டியதில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அப்போது எனக்கு நாற்பது வயது. ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் வேலை, என்னை நம்பி நாற்பது ஆள். காலையில் வாயைத் திறந்தால் இருட்டும்வரை மூடமாட்டேன். ஜல்லி லாரிக்காரனைத் திட்டுவேன், கம்பி கட்டுகிறவனைத் திட்டுவேன், கலவை தண்ணியாகப் போனால் மிக்சர் மெஷினையே திட்டுவேன். வீட்டுக்குப் போனால் அங்கே தம்பிகள் குடும்பத்தோடு சேர்த்து இரண்டு அறையில் பதினொரு பேர். அந்த வருஷத்தில் நான் தனியாக இருந்த இடம் என்றால் கக்கூஸ்தான். அங்கேயும் வெளியே ஒருவர் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சைட்டிலேயே தலை சுற்றி மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் பார்த்தார். ரத்தக் கொதிப்பு என்றார். “இப்படியே கத்திக்கிட்டு இருந்தீங்கன்னா ஒரு வருஷத்துல ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். தினமும் கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க” என்றார். கத்தாமல் எப்படி ஐயா கான்கிரீட் போடுவது என்று அவரிடமே கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொன்னாள்: “காலைல மிக்சர் மெஷின முழுங்கிட்டுப் போற. வந்து அத வூட்டுக்குள்ள ஓட்டுற. உன் குரல் தெருமுனைல கேட்டாலே பசங்க புஸ்தகத்தச் சுருட்டிகினு ஓடுதுங்க. சும்மா உக்காருன்னா டாக்டரு, எங்க உக்காருவ? சொல்லு, எடம் பண்ணித் தரேன்.” அவளால் பண்ண முடியவில்லை. பதினொரு பேர் வீட்டில் எங்கே பண்ணுவாள்?

ஆவணி முதல் முகூர்த்தத்தில் டேங்கின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டோம். எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் கொளுத்தி, விடிந்ததும் ஆரம்பித்த வேலை சாயங்காலம் முடிந்தது. கான்கிரீட் போட்ட அன்று எல்லாருக்கும் பிரியாணி போடுவது எங்கள் தொழிலில் வழக்கம், போட்டேன். மறுநாளிலிருந்து தண்ணீர் காட்ட வேண்டும். கான்கிரீட் இறுகும்வரை அதைக் காயவிடக் கூடாது. காய்ந்தால் முடிமுடியாக வெடிப்பு விடும், பிறகு அந்த வழியாக ஒழுகும். அதனால் மேல்தளத்தில் வயலுக்குக் கட்டுவதுபோல் கலவையால் வரப்பு எடுத்துப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். பக்கச் சுவருக்குக் கோணியைச் சுற்றி, அது காயாமல் நனைத்துக்கொண்டே இருப்போம். காலை, மதியம், சாயங்காலம். இது வாட்ச்மேன் வேலை.

மறுநாள் சாயங்காலம் அண்ணாந்து பார்த்தேன். கோணி வெளுத்துக் கிடந்தது. வாட்ச்மேனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று சாரத்தில் அறுபது அடியும் ஏறினேன். ஏறும்போதே என்னென்ன வார்த்தை என்று அடுக்கிக்கொண்டு போனேன். மேலே போய் வாயைத் திறந்தால் திட்ட ஆள் இல்லை. பிரியாணி சாப்பிட்ட கையோடு மச்சினன் கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டானாம்.

பாத்தி காய்ந்து கிடந்தது. கீழே தொட்டியில் தண்ணீர் இருந்தது, மேலே கப்பியும் கயிறும் இருந்தன. கிணற்றில் இறைப்பதுபோல் நானே இறைத்துப் பாத்தியை நிரப்பினேன், கோணியை நனைத்தேன். அறுபது அடிக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு பக்கெட். முடித்துவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, காலைப் பாத்தித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், யாருமே இல்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை. புதுக் கான்கிரீட் தண்ணீரைக் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழி விடும். இத்தனை வருஷம் கான்கிரீட் போட்ட எனக்கு அதற்கு ஒரு சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் யாரோ அப்பளம் நொறுக்குவதுபோல், ஆனால் ரொம்ப மெதுவாக. வடக்கே மண்ணூர் ஏரியில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. கிழக்கே, எட்டத்தில், செம்பரம்பாக்கம் ஏரி ஒரு கோடு மாதிரி மினுக்கியது. பெங்களூர் ரோட்டில் லாரிகள் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று எனக்கு வரவேண்டிய சிமெண்ட் லாரியாக இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படி எனக்குத் தோன்றியதே இல்லை.

இறங்கி வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். என் மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“இன்னா, உடம்பு சரியில்லையா?”

“ஏன்?”

“வந்து அர மணி நேரம் ஆவுது. ஒருத்தரையும் திட்டல.”

வாட்ச்மேன் நான்கு நாள் கழித்து வந்தான். அவனை மணல் காவலுக்குப் போட்டுவிட்டேன், தண்ணீர் ஊற்றும் வேலையை நானே வைத்துக்கொண்டேன். தினமும் மூன்று நேரம். மதிய நேரத்தில் தளம் தோசைக்கல்லாகக் கொதிக்கும், ஊற்றியதும் இறங்கிவிடுவேன். காலையிலும் சாயங்காலத்திலும் அரைமணி நேரம் அந்தக் கவிழ்த்த பக்கெட்தான் என் நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்கு லீவு, அன்றைக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

என்னிடம் ரொம்ப நாளாக வேலை செய்த பெரிய சித்தாள் ஒருத்தி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் மணல் சுமக்க ஆரம்பித்தவர்கள், அதனால் அவளுக்கு என்னிடம் பயம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவள், டேங்க் அடியில் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“மேஸ்திரி, நாங்க ஞாயித்துக்கெழமன்னா கோயிலுக்குப் போறோம். நீ டேங்குக்குப் போற.”

“தண்ணி காட்ட வேணாமா?”

“காட்டு, காட்டு. அங்க யாருக்குக் காட்டுறன்னு கேக்கல.”

பத்தாம் நாள்தான் சிக்கல் வந்தது. கம்பெனியின் சைட் இன்ஜினியர் திருநெல்வேலிக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையான பேச்சு. வரைபடத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“மேஸ்திரி, பத்து நாள் ஆயிட்டுல்லா. கோணிய உருவிட்டு சாரத்தப் பிரிங்க. மொதலாளி வந்தா தண்ணி விட்டுக் காட்டணும்.”

சாரத்தைப் பிரித்தால் நான் எப்படி மேலே ஏறி உட்காருவது? டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பத்து நாளில் என் தலை சுற்றல் நின்றிருந்தது. இரவில் தூக்கம் வந்தது. இதையெல்லாம் ஒரு இன்ஜினியரிடம் சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னேன்.

“இருபத்தோரு நாளு ஊத்தணும் சார்.”

“எந்த புஸ்தகத்துல இருக்கு?”

“எந்த பொஸ்தகத்துலயும் இல்ல சார். மேல காத்து எப்டி அடிக்கிது தெரியுமா? கீழ ஒரு நாளு நிக்கிற தண்ணி மேல அர நாளு நிக்க மாட்டேங்குது. கான்கிரீட்டு குடிக்கிறதுக்கு முன்னால காத்து குடிச்சிட்டுப் பூடுது.”

இருபத்தொன்று என்பது அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்று குடிப்பது உண்மை. பத்து நாள் பாத்தியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குத்தான் அது தெரியும். தண்ணீர் கணுக்காலிலிருந்து பாதத்துக்கு இறங்குவதை நான் காலாலேயே அளந்திருந்தேன். கீழே நின்று வரைபடம் பார்த்தவருக்கு எப்படித் தெரியும்?

அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். “சரி. ஆனா ஆள் ஒருத்தரையும் இதுக்கு விடமாட்டேன், எல்லாரும் கம்பெனி ஷெட் வேலைக்குப் போகணும். ஊத்தணும்னா நீங்களே ஏறி ஊத்துங்க. முடியுமா ஒங்களால?”

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். “வேற வழி இன்னா கீது சார்” என்று பெருமூச்சு விட்டேன். அவர் தலை மறைந்ததும் சாரத்தில் இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

இனி மழை வராமல் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆவணியில் சாயங்காலம் இடி மழை உண்டு. மழை பெய்தால் யாரும் தண்ணீர் காட்ட வேண்டியதில்லை, எனக்கு ஏறவும் காரணமில்லை. ஊரே ஏரியைப் பார்த்து மழை கேட்டுக்கொண்டிருந்தபோது, வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். பதினைந்தாம் நாள் பெய்துவிட்டது. எல்லாரும் ஷெட்டுக்குள் ஓடினார்கள். இடி நிற்கும்வரை பொறுத்துப் பார்த்தேன். தூறலாக ஆனதும் கால் கேட்கவில்லை. பக்கெட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பின்னாலிருந்து பெரிய சித்தாளின் குரல் வந்தது: “மேஸ்திரி, மழ பேஞ்சிகினு கீது. நீ பக்கெட்ட தூக்கினு எங்க போற?”

“தண்ணி ஊத்த.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஷெட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்தது. பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. “மேஸ்திரிக்குப் பல்லு கீதுடி” என்றாள் அவள். அப்புறம் ஏறிப்போய் மழையில் உட்கார்ந்தேன். பாத்தி நிரம்பி வரப்பு வழிந்தது, நான் ஒரு பக்கெட்கூட ஊற்றவில்லை. கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

இருபத்தொரு நாளும் முடிந்தது. கோணியை உருவினோம். டேங்கின் வெளிப்பக்கம் முழுக்க சுண்ணாம்பு அடித்தோம்; எங்கேயாவது கசிந்தால் வெள்ளையில் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். முழுக்கத் தண்ணீர் நிரப்பி மூன்று நாள் விட்டோம். முதலாளி தேங்காய் உடைக்க வந்த காலையில், இன்ஜினியர் சாரத்தில் ஏறி டேங்கின் அடிவயிற்றைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். இறங்கி வந்து உள்ளங்கையைக் காட்டினார். சுண்ணாம்பு மாவு மட்டும், பொடியாக, காய்ந்து இருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

நான்தான் ஜெயித்தேன். ஆனால் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். மேலே போக ஒரு இரும்பு ஏணி வைத்து, அதற்குக் கதவும் பூட்டும் போட்டார்கள். ஒரு வாரம் ஷெட் வேலையில் நின்றேன். ஒருநாள் இரவு சோறு குழைந்துவிட்டது என்று வீட்டில் சத்தம் போட்டேன். என் மனைவி கோபப்படவில்லை. குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

“டேங்க் வேல முடிஞ்சிடுச்சா?”

மறுநாள் காலையில் நேராக இன்ஜினியரிடம் போனேன்.

“சார், டேங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ கழுவணும். அவ்ளோ ஒசரம் எவனும் ஏற மாட்டான். நான் கட்டுனது, நானே கழுவுறேன்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “கழுவ மூணு மாசத்துக்கு ஒருக்க வந்தா போதும் மேஸ்திரி. நீங்க வாராவாரம் வருவீயன்னு எனக்குத் தெரியும். சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும். ஒருநாள் நானும் வாரேன், அங்க என்னதான் இருக்குன்னு பாப்போம்.”

ஒரே ஒரு முறை வந்தார். நான் அவருக்கு எதையும் காட்டவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் கீழே இறங்கிவிட்டேன். அவர் இறங்கி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

முட்டி வலி வரும்வரை, பல வருஷம் அந்தச் சாவி என் அரைஞாண் கயிற்றில் இருந்தது. மேலே இருந்துகொண்டே வயல் ஒவ்வொன்றாகக் கம்பெனி ஆவதைப் பார்த்தேன், அதில் பாதிக்குச் சுவர் எழுப்பியவனும் நான்தான். டாக்டர் சொன்ன ஒரு வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. அந்த டாக்டர் பிறகு வீடு கட்டியபோது என்னைத்தான் கூப்பிட்டார். கத்தாமல் கட்டிக் கொடுத்தேன்.

போன மாதம் கம்பெனியில் ஏதோ விழா என்று கூப்பிட்டார்கள். டேங்க் அடியில் ஒரு கருங்கல் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலாளி பேர் இருக்கிறது, வரைபடம் போட்ட பட்டணத்து ஆபீஸ் பேர் இருக்கிறது, இன்ஜினியர் பேரும் இருக்கிறது, அது இருக்கட்டும், நல்ல மனுஷன். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத டேங்க் என்றும் பெருமையாக எழுதியிருக்கிறது. யாரால் ஒழுகவில்லை என்று எழுதவில்லை.

என் பேரை வெட்டச் சொல்லவில்லை. ஒரு வரி போதும்: இருபத்தொரு நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு மேலேயே உட்கார்ந்திருந்தவர், இதைக் கட்டிய மேஸ்திரி. ஊற்றியதை மட்டும் போட்டு உட்கார்ந்ததை விட்டுவிட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். உட்காராமல் இருந்திருந்தால் பத்தாம் நாளே கோணியை உருவியிருப்பேன். கல்லில் கீழே இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன், சரியாக ஒரு சாண். உளி பிடிக்க ஆள் இல்லை என்றால் சொல்லட்டும், நான் அனுப்புகிறேன்.