பதிவில் இல்லாத ஒரு வரி

சிவபாலன் ஐயா காலமான செய்தியை, அலுவிகாரையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவருடைய மகள் போனில் சொன்னாள். அழுதுகொண்டேதான் மரண வீட்டுக்குப் போனேன். அங்கே மலர்வளையத்தோடு நின்றவரைக் கண்டதும் அழுகை நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற மேல் நீதிமன்ற நீதிபதி. "அமைதியான மனிதர், யாரோடும் முரண்பட்டதே இல்லை" என்று சிங்களத்தில் பேசிவிட்டுக் காரில் ஏறினார். முரண்பட்டதே இல்லையாம். என்ன துணிச்சல்!

ஐயாவோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அவர் எப்படிப்பட்ட நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்று. சாட்சி தமிழில் 'நான்' என்றால் அவரும் சிங்களத்தில் 'நான்' என்றே சொல்வார். கெட்ட வார்த்தை வந்தாலும் அப்படியே வரும். "வடிகட்டுறதுக்கு நான் என்ன தேத்தண்ணிக் கடையா வச்சிருக்கேன்?" என்பார்.

லக்கல பக்கத்தில் வெடி வைக்க மறுத்த ஒரு தொழிலாளியை அடித்துக் கொன்றதாகக் கல்குவாரி முதலாளிமேல் வழக்கு. விசாரித்தவர் மலர்வளையத்தோடு வந்த இதே நீதிபதி. இறந்தவரின் மனைவி செல்வமணி நாவுலயில் ஒரு ரெஸ்ட் ஹவுஸில் சமைப்பவள். சாட்சிக் கூண்டில் நின்றவள் திடீரென நீதிபதியைப் பார்த்தாள். "போன ஞாயித்துக்கெழம நீங்களும் இந்த மொதலாளியும் ஒரே மேசையில சாப்பிட்டீங்க. நான்தாங்க பரிமாறினேன்."

ஐயா நீதிபதியின் முகத்துக்கு நேரே அதைச் சிங்களத்தில் சொன்னார். 'நான்தான் பரிமாறினேன்' என்று அவர் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நீதிபதி என் பக்கம் திரும்பி, வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, பதிய வேண்டாம் என்றார். நான் சுருக்கெழுத்தாளர். வெட்கமில்லாமல் பென்சிலைக் கீழே வைத்தேன்.

குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியோடு உட்கார்ந்து சாப்பிட்ட நீதிபதி, வழக்கை வேறொருவரிடம் விட்டு விலக வேண்டும். இது தெரியச் சட்டம் படிக்க வேண்டுமா? சமையல்காரி செல்வமணிக்குத் தெரிந்திருந்தது. இவர் விலகவில்லை. முதலாளியை விடுதலை செய்தார்.

ஐயா கொழும்பு மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதி, சாட்சியாக என் கையெழுத்தைக் கேட்டார். நீதிபதியின் கட்டளை, சட்டப்படி நான் தலையிட முடியாது என்று ஏதேதோ உளறினேன். "பயம்னா பயம்னு சொல்லு தங்கச்சி. சட்டம்னு சொல்லாத" என்றார். கொழும்பிலிருந்து பதில் வந்தது: அப்படி ஒரு வாக்கியம் வழக்குப் பதிவில் இல்லை. எப்படி இருக்கும்? அடுத்த மாதமே ஐயாவுக்குத் தூர இடத்துக்கு மாற்றம். நீதிபதி ஓய்வுபெற்றபோது பெரிய பிரியாவிடை விருந்து. அதற்கும் போய்ச் சாப்பிட்டவள் நான்.

எனக்கும் இப்போது ஓய்வூதியம். இனி யாருக்குப் பயம்? சென்ற வாரம், சத்தியம் செய்து கையெழுத்திடும் சத்தியக் கடதாசி எழுதினேன். ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த 'நான்' ஒன்றுதான், அப்படியே எழுதினேன். நான் கேட்டேன். நான் எழுதாமல் விட்டேன். நீதிபதியின் பெயரும் அதில் இருக்கிறது. கொழும்புக்கு அனுப்புமுன் நாவுலவுக்குப் போய்ச் செல்வமணிக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"ஐயா இருக்கும்போதே இத எழுதியிருக்கலாமே, மிஸ்" என்றாள்.