டாக்டரம்மாவிடம் நல்ல பிள்ளை

முப்பது வருஷம் செங்கல்பட்டில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பொய் சொல்லும் பையனை வகுப்பு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று மார்தட்டியவன். அப்பேர்ப்பட்ட ஆள், சர்க்கரை வியாதிக்குப் பார்க்கும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வாய் கூசாமல் புளுகுவேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசுதான். "இனிப்பு சாப்பிடுறீங்களா?" என்பார். "தொடுறதே இல்லம்மா" என்பேன். பௌர்ணமிதோறும் திருக்கழுக்குன்றத்தில் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு, இரண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கலை வெளுத்துக் கட்டுகிறவன்தான் இப்படிச் சொல்வது. எங்கள் வீட்டு வழக்கத்தில் பிரசாதம் இனிப்பில் சேராது. வேண்டாம் என்றால்தான் தப்பு.

பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் கஞ்சியும் கீரையுமாகப் பத்தியம் இருப்பேன். நம்பரைப் பார்த்து டாக்டரம்மா, "வெரி குட் சார்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தனை பாடு! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வெரி குட் போட்டவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு யார் போடுகிறார்கள்?

இந்தத் தடவை மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை எழுதிவிட்டார். ரிப்போர்ட்டைக் கொண்டுவரும்போதே நர்ஸ் சிரித்தாள். "இன்னா சார், ரெண்டு நாள் பட்டினி கெடந்தா இது ஏமாந்துடுமா? மூணு மாசமா துன்னது அல்லாம் இதுல கீது."

"நல்லா கேளும்மா, நான் சொன்னா எரிஞ்சு விழுவாரு" என்று கூட வந்திருந்த என் மனைவி எடுத்துக்கொடுத்தாள். மானம் போயிற்று எனக்கு.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க சொன்னதை நம்பித்தான் சார் மாத்திரையைக் கூட்டாம விட்டேன். காலைக் காட்டுங்க. உணர்ச்சி குறைஞ்சிருந்தா அடிபட்டாக்கூடத் தெரியாது. புண்ணு முத்திப்போனா விரலையே எடுக்கவேண்டி வரும்" என்றார்.

படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையால் பாதத்தைத் தொடுவாராம். பட்டதும் நான் சொல்ல வேண்டுமாம்.

மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஐயோ, தவறவிட்டுவிட்டேனோ? எதற்கும் இருக்கட்டும் என்று, "படுதும்மா" என்றேன்.

"எங்க சார்?"

"கட்டைவிரல்ல."

சரிதானா என்று பார்க்கக் கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா அந்த இழையை இன்னும் உறையிலிருந்தே எடுக்கவில்லை.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டரம்மாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்துவிட்டேன். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்க, அது உங்க காலுங்க" என்றாள்.

மறுபடி கண்ணை மூடினேன். வலது கால் முழுக்கத் தெரிந்தது. இடது காலிலும் குதிகாலிலிருந்து நான்கு விரல்வரை தெரிந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றுமே இல்லை. "படுதும்மா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் உண்மையைச் சொன்னேன்: "தெரியலம்மா."

"இடது சுண்டுவிரல்" என்று எழுதிக்கொண்டார் டாக்டரம்மா. "இது ஒண்ணுதான். இப்பவே சொன்னீங்களே, பார்த்துக்கலாம்."

வெறுங்கால் நடை அன்றோடு முடிந்தது. தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் மலையைச் சுற்றுகிறேன். பத்து விரலும் பத்திரம். ஏன் சாக்ஸ் என்று பழைய மாணவன் எவனாவது கேட்டால் மட்டும், குளிருதுப்பா என்கிறேன். சித்திரை மாதத்தில்!