ஒட்டாத வெள்ளைப் படலம்

இரண்டு வருடமாகச் சந்திரகாந்தாவின் பிளாஸ்டிக் தகட்டில் எதுவும் ஒட்டவில்லை.

றத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரசாயனவியலில் பட்டம் பெற்று, மாத்தளை நகரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போய்வந்தாள். சாயம் ஊட்டிய சூரியக் கலம் செய்வது அவள் வேலை. கண்ணாடியில் வெள்ளை டைட்டானியம் பசையைப் பூசி, உலையில் நானூற்றைம்பது பாகையில் சுட்டால் அது இறுகிவிடும். பிறகு சாயத்தில் ஊறவைத்தால் வெயிலை மின்சாரமாக்கும். அவளுக்குக் கொடுத்ததோ, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தகட்டில் அதைச் செய்யும் வேலை. சுருட்டி எடுத்துப்போய் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரையில் விரிக்கலாமே என்று ஆசைப்பட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். ஆனால் பிளாஸ்டிக் நூற்றைம்பது பாகையைத் தாண்டினால் நெளிந்துபோகும். நூற்றிருபதில் காயவைத்தாலோ, சாயத்தில் போட்டதுமே படலம் தோல் தோலாக உரிந்து மிதக்கும்.

சூட்டுக்குப் பதிலாக அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம் என்று எங்கோ வாசித்தாள். ஆய்வுகூடத்தில் அதற்கு இயந்திரம் இல்லை. மாத்தளையில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருந்த ஜமால்தீனிடம் ஓர் அழுத்த இயந்திரம் இருந்தது; ஒரு சனிக்கிழமை அவரிடம் போய் நின்றாள்.

"இது பெயாரிங் கழட்டுற மெஷின் மகள். இருபது டொன் அழுத்தம் வரும்" என்றார் அவர்.

"அவ்வளவு வேணாம் நானா. மெதுவா இறக்குங்க, போதும்னு நான் சொல்றேன்."

படலம் ஒட்டிக்கொண்டது. சாயத்திலும் உரியவில்லை. ஆனால் மின்சாரம் துளியும் வரவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது: அழுத்தத்தில் அடியிலிருந்த மின்கடத்தும் பூச்சு முழுக்க வெடித்திருந்தது. இயந்திரத்தின் இரும்பு சமமாக இல்லை. ஜமால்தீன் இரண்டு இரும்புத் தட்டுகளைக் கடைந்து மட்டமாக்கித் தந்தார். அதிலும் பதினான்கு தகடுகள் பாழாகின. மூன்றுதான் தேறின.

அந்த மூன்றிலும், விழுந்த வெயிலில் நூற்றுக்கு மூன்று பங்குகூட மின்சாரமாகவில்லை. கண்ணாடியில் ஏழு வரும். இருந்தாலும் அன்று அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஐந்தாம் நாள், கலத்துக்குள் அடைத்திருந்த அயடின் திரவம் ஓரத்தால் கசிந்து மேசையெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. பிளாஸ்டிக் ஓரத்தில் எந்தப் பசையும் நிற்கவில்லை.

முதல் நாள் அளவை மட்டும் வைத்துக் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றார் ஆய்வுகூடத்தை நடத்திய பேராசிரியை.

"அஞ்சாம் நாள் மின்சாரம் பாதிதான் மேடம் இருந்துச்சு. அதையும் போடணும்" என்றாள் அவள்.

போட்டார்கள். ஆயிரம் மணித்தியாலம் தாங்கும் கலத்தோடு வரச் சொல்லி, ஆய்வுச் சஞ்சிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. பொய் சொல்லாததற்கு இதுவா கூலி என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. அவர்கள் கேட்டதில் பிழையும் இல்லை.

கசிவை நிறுத்த ஆய்வுகூடத்தில் இன்னும் ஆறு மாதம் கேட்டாள். கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் வேலையை மூடிவிட்டுக் கண்ணாடிக்குத் திரும்புவதென்று முடிவாகி, புதிய உலையும் வந்திறங்கியது. வேலை வேண்டுமென்றால் அதில்தான் என்றார்கள். சேர்ந்தாள்.

முதல் கண்ணாடித் தகட்டைச் சுட்டு எடுத்து, விரலால் தேய்த்துப் பார்த்தாள். படலம் அசையவில்லை. பக்கத்தில் நின்ற பேராசிரியை நன்றாக வந்திருக்கிறது என்றார்.

"கண்ணாடியில இது வரும்தானே மேடம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தகட்டை எடுத்தாள்.