ஐஸ்காரர் அவசரப்பட்டுத் திறந்த கதவு

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான அவரைத் தெருவே ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடும். யார் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தாலும் போய் நின்றதும் அவர் சொல்வது ஒன்றேதான்: "கதவ சரியா மூடியிருக்க மாட்டீங்க." அவர் போன வாரம் பார்த்துவிட்டுப் போன ஃப்ரிட்ஜ் இந்த வாரம் படுத்தாலும் அதே பதில். தப்பு அவர் பக்கம் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அப்படிப்பட்டவர் பழைய கம்ப்ரசர்களையும் ஒரு வாக்யூம் பம்பையும் கோத்து, பழத்தை உறையவைத்து உலர்த்தும் மெஷின் ஒன்றைக் கூடத்திலேயே கட்டினார். பழம் கல்லாக உறையும். பம்பு காற்றை உறிஞ்ச, ஐஸ் தண்ணீராகாமலே ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது மொறுமொறுவென்று இருக்கும். நாள் முழுக்கக் கூடத்தில் லாரி நிற்பதுபோல் உறுமல். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வெளியூரில் மசக்கையால் தண்ணீர்கூடத் தங்காமல் கிடந்த மகளுக்கு அவர் அதில் உலர்த்தி அனுப்பிய ஸ்ட்ராபெர்ரி மட்டும் வயிற்றில் தங்கியது. அதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த முறை பழத்தைக் கொண்டுபோக மைத்துனர் கிளம்பி நின்றார். கீழே காரிலிருந்து ஹாரனை விடாமல் அடித்தார். ஐஸ்காரர் மெஷின் கதவைத் திறந்து, பெரிய பழமாக ஒன்றை உடைத்து உதட்டில் வைத்துப் பார்த்தார். நடுவில் சில்லென்றிருந்தது. உள்ளே இன்னும் ஐஸ் இருக்கிறது, இன்னும் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஈரமே பழத்தைக் கெடுத்துவிடும்.

"என்னங்க, ஆயிடுச்சா?" என்றாள் மனைவி.

"ஆச்சு, ஆச்சு!"

பைகளில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். பாவி மனிதர், தெரிந்தேதான் செய்தார்.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. பழமெல்லாம் நமுத்துப்போச்சு. நான்தான் பைய சரியா மூடல போல."

சின்ன வயதிலிருந்து அவர் வாயால் அதையே கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்தானே! அவருக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழக்கதோஷம், "அடுத்த தடவ அழுத்தி மூடும்மா" என்று வந்து விழுந்தது.

"சரிப்பா. ஆனா வீணாக்க மாட்டேன். வெள்ளையா பூத்திருக்கறத தொடச்சிட்டு சாப்பிடறேன். நேத்துகூட ரெண்டு சாப்பிட்டேன். நீங்க கஷ்டப்பட்டு செஞ்சதாச்சே."



"ஐயையோ, வாயில வைக்காத! எல்லாத்தையும் தூக்கிப் போடு!" என்று கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ சரியாத்தான்மா மூடியிருக்க. நான்தான் அவசரப்பட்டுத் திறந்துட்டேன். நடுவுல ஐஸ் இருந்துச்சு. தெரிஞ்சேதான் அனுப்பினேன்."



"அம்மா இருக்காங்களா?" என்றாள் மகள். "போன அவங்ககிட்ட கொடுங்கப்பா."

கொடுத்தார்.