கப்பியின் விளிம்பு

இரண்டு மாதங்களில் என் காரின் ஃபேன் பெல்ட்டுகள் மூன்று அறுந்தன. எழுபதுகளின் தொடக்கம் அது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தமையால் ஒரு பெல்ட்டுக்காகத் தெரிந்தவர்களின் வாசல்களில் நிற்க வேண்டியிருந்தது. நான் அப்போது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் ஒரு பாடசாலையின் தலைமை ஆசிரியர். எவர் வாசலிலும் நின்று பழகியவனல்லேன். ஆயினும் நின்றேன். மணமாகிப் பதினோராண்டுகளின் பின் என் மனைவி கருவுற்றிருந்தாள். நோவு தொடங்கியதும் சிறிதும் தாமதியாது மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுவர வேண்டுமென்று டாக்டர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். எங்கள் ஊரில் என்னிடம் மட்டுமே கார் இருந்தது.

காத்தான்குடியில், எல்லோரும் 'காக்கா' என்றழைக்கும் ஒரு முஸ்லிம் மெக்கானிக்கிடம் காரைக் கட்டியிழுப்பித்துக் கொண்டுசென்றேன். அறுந்த மூன்று பெல்ட்டுகளையும் அவர் கேட்டு வாங்கி, வெயிலில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பழசாகி அறுந்ததில்ல சேர். மூணும் ஒரே பக்கத்தால தேஞ்சிருக்கு. என்னமோ வெட்டுது."

பெல்ட் ஓடும் கப்பிகள் மூன்று. விசிறிக் கப்பிக்கும் டைனமோக் கப்பிக்கும் இடையே நூல் பிடித்துப் பார்த்தார். அவை நேராக இருந்தன. எஞ்சியது என்ஜினின் அடியிலுள்ள பெரிய கப்பி. அதை முழுதாகப் பார்க்க ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும்.

"கார் அடியில எங்கயாவது முட்டுப்பட்டதா சேர்?"

முதல் பெல்ட் அறுவதற்குச் சில நாள் முன் முட்டுப்பட்டிருந்தது. வாவியில் வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். கார் ஏறும்போது பாதைக்காரர் முன்னே நின்று கையசைத்து வழிகாட்டுவார். லொறிக்காரர்கள்கூட அந்தக் கையைப் பார்த்தே ஏற்றுவர். நான் அவரை விலகி நிற்கச் சொன்னேன். முன்சக்கரம் பலகையிலிருந்து வழுகியது. காரின் அடிப்பாகம் இரும்பு விளிம்பில் மோதியது. என் மாணவர்களின் தகப்பன்மார் உட்பட ஏழெட்டுப் பேர் தோள்கொடுத்துத் தூக்கினர்.

"சேர் பள்ளிக்கூடந்தான் நல்லா ஓட்டுவார் மச்சான்," என்று பின்னால் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பை அடக்கினர். என் மனைவி காருக்குள் இருந்தாள்.

இப்போது மெக்கானிக்கின் கராஜில் கல்வி அதிகாரி ஒருவர் தம் காருக்காகக் காத்திருந்தார். அவர் பத்திரிகையிலிருந்து தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"இல்லை," என்றேன்.

"சேர் சொன்னாச் சரி. அப்ப ரேடியேட்டரக் கழட்டத் தேவல்ல." டைனமோவின் பெயாரிங் ஒன்றை மாற்றி, நான் தேடிக் கொணர்ந்த நான்காவது பெல்ட்டைப் பூட்டித் தந்தார்.

அன்று மாலை என் மனைவி கேட்டாள். "துறையில அடிபட்டத அந்தக் காக்காக்கிட்டச் சொன்னீங்களா?"

"ஓம், சொன்னன்."

"அப்ப நல்லம்," என்று கூறிவிட்டு, குழந்தைக்கென வெட்டிவைத்த துணியைத் தைக்கலானாள்.

மூன்று வாரங்களின் பின் ஒரு காலையில் நோவு தொடங்கியது. பாதையில் ஏறி மறுகரை சேர்ந்தோம். ஆரையம்பதியை அடையுமுன் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது, ரேடியேட்டர் கொதித்தது. பெல்ட் அறுந்திருந்தது. அவ்வழியே வந்த மீன்பிடிகாரர் ஒருவரிடம் நைலோன் கயிறு வாங்கிப் பெல்ட்டுக்குப் பதிலாகக் கட்டினேன். அரை மைல் ஓடுமுன் அதுவும் அறுந்தது. எடுத்துப் பார்த்தேன், கயிறும் ஒரே பக்கத்தால் அரிபட்டிருந்தது. பின்னாசனத்தில் அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நெடுநேரம் கழித்து ஒரு விறகு லொறி நின்றது.

பெண் குழந்தை. அது அழவில்லை. "முந்திக் கொண்டுவந்திருக்கலாமே," என்று டாக்டர் சொன்னார்.

காரை மெக்கானிக் இழுப்பித்துச் சென்று ரேடியேட்டரைக் கழற்றினார். நான் போனபோது பெரிய கப்பி மேசைமீது இருந்தது. அதன் விளிம்பு ஓரிடத்தில், நெல்மணி அளவுக்கு, உட்புறம் வளைந்திருந்தது.

"இது தானா வளையாது சேர்," என்றார். வளைவில் விரலை வைத்தபடி, "நான் கேட்டன்தானே," என்றார்.

அவர் வேறு கப்பி ஒன்றைத் தேடிப் பூட்டினார். "மறுகா கார் பழுதானா வேற ஆளப் பாருங்க சேர்," என்று சாவியை என் கையில் தராமல் மேசையில் வைத்தார்.

துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் என் மனைவி சொன்னாள்: "அடிபட்டதச் சொல்லியும் அந்த மனிசன் கழட்டிப் பார்க்கல்ல." நான் பக்கத்தில் இருந்தேன். எங்கள் ஊர் உழவு இயந்திரங்கள் அவரிடம் போவது நின்றது. அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னதாக என் காதுக்கு எதுவும் எட்டவில்லை. பாடசாலையில் எனக்கிருந்த மதிப்புக்கும் குறைவு நேரவில்லை.

சென்ற ஆண்டு அவள் இறந்தாள். அதுவரை, பஸ்ஸில் அந்தக் கராஜைக் கடக்கும்போதெல்லாம் அவள் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்வாள். நானும் திருப்பிக்கொண்டேன்.