சக்கரம் சுற்ற எடுத்த தகடு

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மழை மேல் நம்பிக்கை கிடையாது. வருடம் முழுக்க வெயிலில் காய்கிறோம். பட்டாசுக்கும் அச்சுக்கும் அதுதான் தோது என்று பெருமை வேறு. மொட்டை மாடி என்றால் வத்தல் காயப்போடுகிற இடம், அவ்வளவுதான். தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்டால் வீடு கட்டுகிறவரே சிரிப்பார். அப்படிச் சிரித்தவர் கட்டிய வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில், பின் அறைக் கூரையின் பூச்சு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து என் மகள் படிக்கிற மேசை மேல் விழுந்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அதனால் இதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே பார்த்தால் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. கொத்தனார் சுரண்டிப் பூசிவிட்டு இறங்கும்போது சொன்னார்:

"இன்னொரு வாட்டி மேல தண்ணி நின்னுச்சுன்னா என்னையக் கூப்பிடாதீகக்கா. கூரைய ஒடச்சுத்தான் போடணும்."

இன்னொரு கூரை போட எங்களுக்கு வக்கு இல்லை. நான் காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறவள். வீட்டுக்காரர் விருதுநகரில் வத்தல் கிட்டங்கியில் மூட்டை எடை போடுகிறவர். அதனால் அடுத்த வருடத்திலிருந்து புரட்டாசி பிறந்ததும் மாடிக்கு ஏறிவிடுவேன். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குவேன். விரிசலில் சிமெண்டுப் பால் ஊற்றுவேன். மூலையில் இருக்கிற வடிகுழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பார்ப்பேன்.

குழாய் வாய்க்கு ஒரு மூடியும் செய்தேன். அச்சகத்தில் காலண்டர் அடித்து முடித்துக் கழித்த அலுமினிய அச்சுத் தகடு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். சாக்கடை வாயில் சாமியை வைக்க முடியாது என்பதால், சாமி படம் இல்லாமல் வெறும் தேதிக் கட்டம் மட்டும் இருந்த தகடாகத் தேடி எடுத்தேன். ஆணியால் நெருக்கமாக ஓட்டை போட்டு, குழாய் வாயில் பொருத்தினேன்.

"மழைக்கு எதுக்குட்டி வடிகட்டி? டீயா போடப் போறே?" என்றார் வீட்டுக்காரர்.

"மாடியப் பத்தி ஒரு வார்த்த பேசாதீக" என்றேன்.

மூடி போட்ட அந்த வருடத் தீபாவளிக்கு என் தம்பி வந்தான். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். சாக்குப்பை நிறைய வெடி கொண்டுவந்தான். தெருவில் போடுடா என்றேன். மாடியில் போட்டால்தான் நாலு தெருவுக்குக் கேட்கும் என்று அவனும் வீட்டுக்காரரும் ஏறிவிட்டார்கள். நான் அடுப்படியில் முறுக்குச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேலே பத்தாயிரம் வாலாச் சரம் வெடித்தபோது சட்டி ஆடியது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வெடித்து முடித்தபின் விளக்குமாற்றை எடுத்தேன். வீட்டுக்காரர் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னைக்கி ஒரு நாள் கெடக்கட்டும்ட்டி. எதுத்த வீட்டு மதினி மாடியில நின்னு பாக்கட்டும்."

எங்கள் ஊரில் தீபாவளிக் குப்பையை அன்றே பெருக்க மாட்டார்கள். யார் வீட்டில் அதிகம் கிடக்கிறதோ அவர்களுக்குக் கௌரவம். கிறுக்குத்தனம். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

மறுநாள் மத்தியானம் கறிச்சோறு சாப்பிட உட்கார்ந்தோம். வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. நான் அசரவில்லை. தகடு இருக்கிறது, பெய்யட்டும் என்று இன்னொரு கை சோறு வாங்கினேன். அப்போது எதிர் வீட்டு மதினி அவள் மாடியிலிருந்து கத்தினாள்.

"ஏட்டி! ஒங்க மாடி தெப்பக்குளமாக் கெடக்குடி!"

சோற்றுக் கையோடு மாடிக்கு ஓடினேன்; தம்பியும் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார்கள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர், அத்தனையும் சிவப்பு. சரத்துக் காகிதம் மிதக்கிறது. மூலையில் கையை விட்டேன். தகடு இல்லை. குழாய்க்குள் காகிதக் கூழ் அடைத்து நின்றது.

"தகடு எங்கலே?"

"எந்தத் தகடுக்கா?"

"குழா வாயில இருந்ததுலே!"

தம்பி தலையைச் சொறிந்தான். "அதாக்கா... தரை சொரசொரன்னு இருந்துச்சு, சக்கரம் சுத்தல. அதான் அத எடுத்துப் போட்டு..."

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடந்தது, நடுவில் கருகிய வட்டத்தோடு. நாற்பது பேரை மேய்க்கிறவன் செய்த வேலை!

வீட்டுக்காரர் கொடிக்கம்பைக் கொண்டுவந்து குழாய்க்குள் குத்தினார். எனக்கு உயிர் போய்விட்டது. நனைந்த காகிதத்தோடு இருபது வருடமாகப் பிழைப்பவள் நான். குத்தக் குத்தச் செங்கலாக இறுகும். இழுத்தால்தான் பிரியும்.

"குத்தாதீக! ஏலே, நீ கீழ போ. குழா வளையிற முழங்கையக் கழத்தி அடியில இருந்து இழு. ஓடுலே!"

மகளை அறைக்கு வெளியே, வாசற்படியில் நின்று கூரையைப் பார்க்கச் சொன்னேன். உள்ளே காலை வைத்தால் காலை ஒடிப்பேன் என்றும் சொன்னேன். நானும் வீட்டுக்காரரும் வாளியால் மோந்து சுவருக்கு வெளியே வீசினோம். வீச வீச மழை நிரப்பியது. எனக்கு அழுகை வரவில்லை. வெறிதான் வந்தது. இந்த மழையா நானா என்று வீசினேன்.

"இன்னும் ஒண்ணும் இல்லம்மா!" கீழேயிருந்து மகள்.

"என்னலே ஆச்சு?" தம்பியிடம் கத்தினேன்.

"வருதுக்கா, வருது! கம்பிய வளச்சு மாட்டியிருக்கேன்!"

"அம்மா! ஈரம் தெரியுது! ஒரு பொட்டளவு!"

வாளியைப் போட்டுவிட்டுக் கையை முட்டி வரைக்கும் குழாய்க்குள் விட்டு, வந்ததைப் பிய்த்தேன். திடீரென்று என் விரலை உள்ளே உறிஞ்சியது. கீழே ‘டபார்’ என்று ஒரு சத்தம், பின்னாலேயே தம்பியின் அலறல். தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. நான் அந்த மழையில் குதித்தேன், ஐம்பது வயதில். வீட்டுக்காரர் கையைத் தட்டினார்.

எட்டிப் பார்த்தால் தம்பி தலை முதல் கால் வரை சிவப்புக் கூழில் நின்றான். தெரு முழுக்க எங்கள் குப்பை.

"இந்த வருசம் ஒங்க வீட்டுலதாம்ட்டி சாஸ்தி" என்றாள் மதினி.

கீழே இறங்கிப் பார்த்தேன். கூரையில் அப்பளம் அளவுக்கு ஈரம். மறுநாள் ஏணி போட்டு அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். பிறகு வந்த எந்த மழையிலும் அது கோட்டைத் தாண்டவில்லை. மேசை அதன் கீழேதான் கிடக்கிறது, மகள் அங்கேதான் படிக்கிறாள்.

தகட்டை நாலு திருகாணி போட்டு முடுக்கிவிட்டேன். இப்போதெல்லாம் தம்பி வெடிப் பையோடு, சக்கரம் சுற்றவென்று ஒரு பழைய சாப்பாட்டுத் தட்டும் கொண்டுவருகிறான். விளக்குமாற்றை நான் அவன் கையில்தான் கொடுக்கிறேன்.